அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்: பெரியம்மா வீட்டு விருந்துக்குப் போகத்தான் வேண்டுமா?

போகாமல் இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் முழுசாக மறுக்க மனசு வராவிட்டால் நேரத்தைச் சுருக்குங்கள். "பெரியம்மா, பூசை முடிந்து வருகிறேன், ஒரு மணி நேரம் இருப்பேன், சாப்பாட்டுக்கு நிற்க மாட்டேன்" என்று இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் சொன்னால் பேச்சு வளரும்.

எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போய் பாதியில் அழுதுகொண்டே திரும்பினேன், டிசம்பர் பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பலவீனம் இல்லை. ஆறிவிட்டது என்று நினைத்த துக்கம் நாள் கிழமையில் திரும்ப வரும். எங்கள் அப்பா இறந்த வருஷம், அச்சுமுறுக்கு அச்சை எண்ணெயில் முக்கியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அச்சைத் தட்டி முறுக்கை உதிர்ப்பது எப்போதும் அவர்தான். அடுப்பை அணைத்துவிட்டேன். அந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் மட்டும் கட்டினோம், போதுமாக இருந்தது.

ஒன்று செய்து பாருங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், இரண்டு வேளையாவது சாப்பிட்டீர்களா என்று காலண்டரில் குறியுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால், நீங்கள் இருக்கும் ராயபுரத்திலிருந்து பக்கம்தானே, ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவில் அந்தக் காலண்டரைக் காட்டுங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம்.

இருந்து என்ன பயன் என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.