மங்கலான புள்ளி: யாருக்குக் கண் கூர்மை?

இருட்டறையில் மங்கலான ஒளிப்புள்ளியைக் காட்டிக் கேட்டதில் முதல் ஆள் 90 சதவீதம், இரண்டாம் ஆள் 69 சதவீதம் 'தெரிந்தது' என்கிறார்கள், அப்படியானால் முதல் ஆளுக்குத்தான் கண் கூர்மை என்று புராஜெக்டில் எழுதலாமா என்கிறீர்கள். எழுதாதீர்கள். நீங்கள் போட்ட அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள்: புள்ளியே காட்டாத சுற்றுகளிலும் முதல் ஆள் பாதிக்குப் பாதி 'தெரிந்தது' பொத்தானை அமுக்கியிருக்கிறார், இரண்டாமவர் 7 சதவீதம்தான். முன்னவர் கொஞ்சம் தாராளப் பேர்வழி, அவ்வளவுதான்.

இருட்டில் கண்ணை மூடினாலும் ஏதோ மினுமினுக்கிறது அல்லவா? அந்த இரைச்சல் எப்போதும் உண்டு. எவ்வளவு மினுக்கினால் 'ஆம்' சொல்வது என்பது அவரவர் வைத்துக்கொள்ளும் கோடு. 1954-ல் டேனர், ஸ்வெட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பார்வைச் சோதனைக்குக் கொண்டுவந்த கணக்கு, கண்ணையும் கோட்டையும் பிரித்துக் காட்டுகிறது. புள்ளி இருந்தபோது 'தெரிந்தது' சொன்ன விகிதம், இல்லாதபோது சொன்ன விகிதம், இரண்டையும் இசட் மதிப்பாக்கி (மணி வடிவ இயல்நிலைப் பரவலில் அந்த விகிதத்துக்குரிய இடம்) முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள், எக்செலிலேயே செய்யலாம். முதல் ஆளுக்கு 1.28-லிருந்து 0 போக 1.28. இரண்டாமவருக்கு 0.496-லிருந்து மைனஸ் 1.476 போக 1.97. கூர்மை இவருக்குத்தான்!

அப்புறம், மூன்றாமவருக்கு 50 வெற்றுச் சுற்றில் ஒரு தவறுகூட இல்லாததால் எக்செல் பிழை காட்டுகிறது; பூஜ்ஜியத்துக்கு இசட் மதிப்பு கிடையாது. எல்லோருக்குமே 'தெரிந்தது' எண்ணிக்கையில் 0.5, மொத்தச் சுற்றில் 1 கூட்டிக்கொண்டு வகுங்கள், அவருக்கு 0.5/51 வரும், கணக்கு ஓடும். சோதனைக்கு முன், கண் இருட்டுக்குப் பழக, அரை மணி நேரமாவது இருட்டில் உட்கார வைத்தீர்களா? இல்லையென்றால் முதல் சில சுற்றுகளைத் தூக்கிப் போடுவதோடு நிறுத்தாமல், சோதனையையே திரும்பச் செய்துவிடுங்கள்.