பேக்கப் ஓடும்போது மட்டும் வேகத்தைக் குறைக்க, லினக்ஸில் பாக்கெட்டுகளை எப்படிப் பிரிப்பது?

போர்ட் எண்ணை வைத்துப் பிரித்தும் சரிவரவில்லை, பேக்கப்பும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியாகவே போகிறது என்கிறீர்கள். அதன் 22ஆம் போர்ட்டைப் பிடித்தால் நீங்கள் டைப் செய்யும் டெர்மினலும் சேர்ந்தே மாட்டும். போர்ட்டைப் பார்த்துப் பிரிக்கும் யூ32 ஃபில்டருக்குப் பாக்கெட்டில் உள்ள பைட்டுகள்தான் தெரியும்; அனுப்பியது யார் என்று தெரியாது.

அதனால் பேக்கப்பைத் தனி யூசர் பெயரில் ஓட்டுங்கள். ஐபிடேபிள்ஸில் (பாக்கெட்டுகளுக்கு விதி போடும் லினக்ஸ் கருவி) மேங்கிள் டேபிளின் அவுட்புட் செயினில், ஓனர் மேட்ச் (அனுப்பிய யூசர் யார் என்று பார்க்கும் நிபந்தனை) கொண்டு அந்த யூசரின் பாக்கெட்டுக்கு 20 என்று மார்க் போடுங்கள். அப்புறம் டிசியில் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் கட்டளை) ஹெச்டிபி வரிசை, அதாவது வேகத்தைக் கிளாஸ்களாகப் பங்கிடும் வரிசை அமைத்து, மார்க்கைப் பார்த்துப் பிரிக்கும் எஃப்டபிள்யூ ஃபில்டர் மூலம் மார்க் 20ஐ வேகம் குறைத்த 1:20 கிளாஸுக்கு அனுப்பினால் போதும். மற்றதெல்லாம் 1:10க்கு. இரண்டின் அடியிலும் எஃப்க்யூ-கோடல் (இணைப்புகளுக்குள் நியாயமாகப் பங்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும் வரிசை) வைப்பது நல்லது. ஓனர் மேட்ச் அதே கணினியில் கிளம்பும் பாக்கெட்டுக்குத்தான் வேலை செய்யும், ரவுட்டராகக் கடத்திவிடும் பாக்கெட்டுக்கு அல்ல.

ஹெச்டிபி வரிசை அமைக்கும்போது டீஃபால்ட் 10 என்று குறிப்பிட மறக்காதீர்கள். விட்டுவிட்டால், எந்தக் கிளாஸிலும் சேராத பாக்கெட்டுகள் கட்டுப்பாடே இல்லாமல் முழு வேகத்தில் பாயும். நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தது வேறொரு இடத்தில்: டிசிக்கு 'எம்பிபிஎஸ்' என்றால் நொடிக்கு மெகாபைட். மெகாபிட் வேண்டுமென்றால் 'எம்பிட்' என்றுதான் எழுத வேண்டும். 5 கேட்டு 40 கொடுத்திருக்கிறேன்!

சரி, பிரிகிறதா என்று பார்க்க டிசியின் கிளாஸ் பட்டியலை எஸ் ஆப்ஷனோடு காட்டச் சொல்லுங்கள். பேக்கப் ஓடும்போது 1:20இன் எண்ணிக்கை ஏற வேண்டும்.