நாய் இல்லாமல் ஃபெசன்ட் வேட்டை: சுடுமுன் விழும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மாயின் நகரில் வேலை பார்க்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். போன சீசனில் நண்பர் ஒருவருடன் பொது நிலங்களுக்கு நான்கு முறை ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையை வேட்டையாடப் போனேன். எங்களிடம் நாய் இல்லை, அபார்ட்மென்ட்டில் வளர்க்கவும் முடியாது. நாள் முழுக்க நடந்தும் தூரத்தில் எழுந்து பறக்கும் பறவைகளைத்தான் பார்த்தோம். ஒரே ஒரு சேவலைச் சுட்டேன். அது கோரைக்குள் விழுந்தது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. நாய் இல்லாமல் போவதே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. ஆனால் நாயுடன் வருகிறவர்கள் போகும் இடத்துக்கே போய், அவர்கள் நடப்பது போலவே நடந்தால் வீண்தான். உங்கள் கேள்வியில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, பறவை பக்கத்தில் கிளம்பவில்லை. இன்னொன்று, விழுந்த பறவை கைக்கு வரவில்லை. எல்லோரும் முதல் குறையைத்தான் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. சுட்டதை எடுக்க முடியாத இடத்தில் சுடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டால், எந்த நிலத்துக்குப் போவது, அதில் எந்த மூலையில் நடப்பது என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்தே தெளிந்துவிடும்.

முதலில் பறவையின் சுபாவம். ஊரில் கௌதாரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆள் வருவது தெரிந்தால் முதலில் ஓடும், ஓட இடமில்லை என்றால்தான் பறக்கும். ஃபெசன்ட்டும் அப்படித்தான். நம்முடைய மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த அதே குடும்பம். அதிலும் சேவல் மகா கெட்டிக்காரன். பெட்டை சில நேரம் காலடியில் பதுங்கிக் கிடக்கும், சேவல் நீங்கள் கார் கதவைச் சாத்தும்போதே நூறு கெஜம் ஓடியிருப்பான். ஆசியாவிலிருந்து இங்கே வந்து குடியேறிய பறவை இது. அயோவாவுக்கு வந்த கதையே தனி. 1900-01 வாக்கில் செடார் ஃபால்ஸ் ஊரில் ஒரு பண்ணையின் வேலியைப் புயல் சாய்த்துவிட, சுமார் 2,000 ஃபெசன்ட்டுகள் வெளியே போய்விட்டன. 1925-இல் மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் வேட்டை சீசனையே திறக்கும் அளவுக்குப் பெருகிவிட்டன.

இப்போது நிலத்துக்கு வருவோம். ஐம்பது அறுபது ஏக்கர் புல்வெளியில் நீங்கள் இருவர் நடந்தால், பறவைகள் உங்களைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். நாய் இருந்தால் மோப்பம் பிடித்து அந்த ஓட்டத்தை மறிக்கும். உங்களுக்கு அந்த வேலையை நிலத்தின் வடிவம்தான் செய்ய வேண்டும். அதனால் சின்ன இடங்களைத் தேடுங்கள். அறுவடையான சோயா வயலை ஒட்டிய வேலியோரப் புல், இரண்டு வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் கரை, மக்காச்சோளக் காட்டின் மூலையில் விட்டுவைத்த அரை ஏக்கர் புதர், பழைய ரயில் பாதை ஓரம். இருபது கெஜம் அகலம், இருநூறு கெஜம் நீளம் இருந்தால் போதும். நாய்களுடன் கும்பலாக வருகிறவர்கள் இவற்றைப் பொருட்டாக மதிப்பதில்லை, பெரிய வெளியை நோக்கிப் போய்விடுவார்கள். சீசன் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும், துரத்தப்பட்ட சேவல்கள் வந்து ஒதுங்குவது இங்கேதான்.

இந்த ஒடுங்கிய இடங்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. இரண்டு பக்கமும் வெட்டவெளி. சேவல் பறந்து வெளியே வந்தபின் சுட்டால், மொட்டை வயலில் விழும். அங்கே விழுந்ததைக் கண்ணாலேயே பார்த்து எடுத்துவிடலாம். போன வருடம் நீங்கள் இழந்த பறவை சம்பங்கோரைக்குள் விழுந்தது என்கிறீர்கள். நல்ல நாய்க்கே அது சிரமமான இடம், மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய முடியாத இடம். நான் வேட்டை தொடங்கிய முதல் இரண்டு வருடங்களில் இப்படி மூன்று சேவல்களைத் தொலைத்திருக்கிறேன். மூன்றாவதைத் தேடி இருட்டும்வரை முழங்கால் சேற்றில் நின்ற அன்றுதான், கோரைக்கு மேலே பறக்கும் எதையும் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அருமையான வாய்ப்புகள் பல போயின. போகட்டும்.

எங்கே தேடுவது என்றால், அயோவா இயற்கை வளத்துறையின் இணைய வேட்டை வரைபடத்தை வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள். மாநில வனவிலங்குப் பகுதிகள், மாவட்ட நிலங்கள், ஃபெடரல் நீர்ப்பறவை நிலங்கள், அரசு உதவி பெற்றுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தனியார் நிலங்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பெரிய பச்சைத் திட்டுகளை விட்டுவிட்டு, வயல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னத் துண்டுகளைக் குறித்துவையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மணி, முக்கால் மணிதான் வேலை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் பாதியில் பனித்துளி படிந்த காலைகளில் துறை சாலையோரக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஈரப் புல்லிலிருந்து குஞ்சுகளுடன் பெட்டைகள் காய்வதற்குச் சாலையோரம் வருவதால் அந்த நேரம். செப்டம்பரில் வரும் அதன் முடிவைப் பார்த்து எந்தப் பகுதிக்கு வண்டி விடுவது என்று தீர்மானியுங்கள். பொதுவாக வடமேற்கு அயோவா நன்றாக இருக்கும், உங்கள் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேர ஓட்டம்.

அப்புறம் நடை. நண்பர் இருக்கிறார் என்பது பெரிய பலம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்காதீர்கள். ஒருவர் வெகுதூரம் சுற்றிப்போய், புல் முடியும் முனையில் சத்தமில்லாமல் நின்று மறிக்கட்டும். இன்னொருவர் மறுமுனையிலிருந்து மெதுவாக வளைந்து வளைந்து வரட்டும். புல் முடியும் இடத்தில் ஓட வழி இல்லை, முன்னால் ஆள் நிற்கிறார், அங்கேதான் சேவல் எழும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுடலாம். தாழ்வாக எழுந்த பறவையைச் சுட்டால் தோட்டாவிலிருந்து சிதறும் ரவை போய்ச் சேரும் இடத்தில் உங்கள் நண்பர் நிற்கிறார். நெருங்கி வரும்போது குரல் கொடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு உடை அயோவாவில் ஃபெசன்ட் வேட்டைக்குச் சட்டப்படியே கட்டாயம். தொப்பியோடு நிறுத்தாமல் மேல்சட்டையும் ஆரஞ்சில் போடுங்கள்.

தனியாகப் போகும் நாளில் மறிக்க ஆள் இல்லை. அப்போது உங்கள் ஆயுதம் நிற்பது. இருபது முப்பது அடி நடந்து, சட்டென்று நின்றுவிடுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் அசையாதீர்கள். நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பறவை ஆள் எங்கே என்று அறிந்து பதுங்கியிருக்கும். சத்தம் நின்றதும் தன்னைப் பார்த்துவிட்டார்களோ என்று பதறி எழுந்துவிடும். நான் தனியாக எடுத்த சேவல்களில் பெரும்பாலானவை நான் நின்றுகொண்டிருந்தபோது எழுந்தவை. முக்கியமாக, புல் முடியும் இடத்துக்கு வந்ததும் திரும்பிவிடாதீர்கள். கடைசிப் பத்தடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அவசரக்காரர்கள் அந்தப் பத்தடியில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

காற்று முகத்தில் அடிக்கும் திசையில் நடந்தால் உங்கள் காலடிச் சத்தம் பின்னால் போய்விடும். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள், கதவை அழுத்திச் சாத்துங்கள், அடித்துச் சாத்தாதீர்கள். திட்டத்தைக் காருக்குள்ளேயே பேசி முடித்துவிடுங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடப்பதும் முக்கியம். எதிர்வெயிலில் சேவலும் பெட்டையும் ஒரே கறுப்பு உருவம்தான். அயோவாவில் சேவல் மட்டுமே சுடலாம், நாளைக்கு மூன்று. கழுத்து வெள்ளை வளையம், நீண்ட வால், எழும்போது போடும் கரகரப்பான கூச்சல், இவற்றில் ஒன்றாவது நிச்சயமாகத் தெரியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, சீசன் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 10 வரை. ஒரு நாளில் காலை 8 மணி முதல் மாலை 4.30 வரைதான் அனுமதி. முதல் சனி ஞாயிறு நாய்க்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். மக்காச்சோளம் முழுக்க அறுவடையாகாத நேரத்தில் பாதிப் பறவைகள் பயிருக்குள்தான் இருக்கும். நாய் இல்லாதவருக்கு நல்ல காலம் டிசம்பர். வாரநாளில் ஒரு விடுப்பு போடுங்கள். மதியம் மூன்று மணிக்குமேல் பறவைகள் வயலிலிருந்து இரவு தங்கும் புல்லுக்குத் திரும்பத் தொடங்கும், அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் முழு நாளுக்குச் சமம்.

புதுப் பனி விழுந்த மறுநாள் கிடைத்தால் விடவே விடாதீர்கள். தடம் தெரியும். மூன்று விரல் முன்னால், வால் இழுத்த கோடு பின்னால், எந்தப் புதரை நோக்கிப் போயிருக்கிறது என்று நாயின் மூக்கு சொல்வதைப் பனி எழுதிக் காட்டிவிடும். மென்பனிக்குள் பறவை ஓடத் தயங்கி இன்னும் நெருங்க விடும். அடிபட்ட பறவையின் இறகும் ரத்தமும் வெள்ளையில் தெளிவாகத் தெரியும். உறைந்த சதுப்புக்குள் இறங்கும் ஆசை வரும். மஸ்க்ராட் என்னும் பெரிய நீரெலி நடமாடும் இடங்களில் பனிக்கட்டி மெலிந்திருக்கும், தனியாக இருந்தால் வேண்டாம்.

துப்பாக்கி விஷயத்தில் நிறையப் பேச ஒன்றுமில்லை. 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கி போதும். ஃபெடரல் நீர்ப்பறவை நிலங்களிலும் மாநிலப் பகுதிகள் பலவற்றிலும் ஈய ரவைக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் தோட்டாவையே வாங்கிப் பழகுங்கள். ஸ்டீல் எடை குறைவு, அதனால் ஈயத்தில் 5-ஆம் எண் சுடுகிறவர் ஸ்டீலில் 3 அல்லது 2 எடுக்க வேண்டும். எண் குறையக் குறைய ரவை பெரிது. தூரம் முப்பது கெஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாய் வைத்திருப்பவர் நாற்பதில் சுட்டுச் சிறகொடிந்த பறவையை நாய் துரத்திப் பிடிக்கும் என்று நம்பலாம். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

சரி, சுட்டாயிற்று, விழுந்தது. இனி செய்வதுதான் உங்கள் வேட்டையின் பாதி. விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அதே நேரம் இன்னொரு சேவல் எழுந்தாலும் சுடாதீர்கள், இரண்டையும் தொலைப்பீர்கள். விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மரம், கம்பம், தனித்து நிற்கும் ஒரு செடி, எதையாவது மனதில் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நடங்கள். நண்பர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டித் திசை காட்டட்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பறவை இருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஆரஞ்சுத் தொப்பியை ஒரு செடியில் மாட்டிவிட்டு, அதை மையமாக வைத்துச் சுருள் சுருளாகத் தேடுங்கள். பழுப்பும் செம்பும் கலந்த சேவல் காய்ந்த புல்லில் இரண்டடி தூரத்தில் கிடந்தாலும் தெரியாது. பறவையைத் தேடாமல் ஒற்றை இறகைத் தேடுங்கள்.

எப்படி விழுந்தது என்பதையும் கவனியுங்கள். துணி மூட்டை போலச் சுருண்டு விழுந்தால் அங்கேயே கிடக்கும். தலை நிமிர்ந்து, கால் தொங்க இறங்கினால் சிறகு மட்டும்தான் ஒடிந்திருக்கிறது. தரையைத் தொட்டதும் ஓடும். பின்னால் ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உடனே இரண்டாவது தோட்டாவைப் போடுங்கள், தயங்காதீர்கள். அதற்குள் மறைந்துவிட்டால் அருகிலுள்ள அடர்ந்த புதரை நோக்கித்தான் போயிருக்கும். புல் தூருக்குள்ளும் வளைக்குள்ளும் தலையை நுழைத்துக் கிடக்கும், கையை விட்டுப் பாருங்கள். அரை மணிக்குக் குறையாமல் தேடுங்கள்.

பறவை வேலி தாண்டித் தனியார் நிலத்தில் விழுந்தால்? முறைப்படி சுட்ட பறவையைத் துப்பாக்கி இல்லாமல் போய் எடுத்துவர அயோவா சட்டம் இடம் தருகிறது. துப்பாக்கியைக் காலி செய்து நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் வீடு இருந்தால் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, அடுத்த வருடம் உங்களை உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 200 கெஜத்துக்குள் அனுமதியின்றிச் சுடக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும், வரைபடத்தில் பொது நிலமாக இருந்தாலும் சரி.

உங்கள் விசா நிலை என்ன என்று கேள்வியில் இல்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. அது காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். விசா சிக்கலில் மாட்டுவதைவிட வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது மலிவு.

வீட்டுக்கு வரும்வரை பறவையின் தலையை வெட்டாதீர்கள், சேவல்தான் என்று வழியில் அதிகாரிக்குக் காட்ட வேண்டியிருக்கும். நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து மிளகு போட்டுச் சீக்கிரம் வதக்கி இறக்குங்கள், அதிக நேரம் அடுப்பில் விட்டால் நார்போல் வறண்டுவிடும். கால் கறி முழுக்க நரம்பு. நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பது போல நிதானமாக வேகவிடுங்கள். சுத்தம் செய்யும்போது ரவை போன துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்டீல் ரவை ஈயம் போல நசுங்காது, பல்தான் உடையும்.