ஸ்கூல் போர்டு மீட்டிங்ல மைக்கை நிறுத்த அவங்களுக்கு உரிமை இருக்கா?

டெக்சாஸ்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு ஸ்கூல்ல ஸ்பீச் தெரபி நின்னு போச்சு. போர்டு மீட்டிங்ல பிரின்சிபால் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பிச்சதுமே மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க, யார் பேரையும் சொல்லக்கூடாதாம். ஆனா எனக்கு முன்னாடி பேசினவர் அதே பிரின்சிபாலை பேர் சொல்லிப் பாராட்டினாரு, அவரை யாரும் தடுக்கல. நான் சிட்டிசன் இல்ல, இதைக் கேட்கலாமா? தமிழ் மட்டுமே தெரிஞ்ச என் மாமியாரும் பேசணும்ங்கிறாங்க."

தாராளமா கேட்கலாம்ங்க. டெக்சாஸ்ல 2019-ல வந்த சட்டம் சிட்டிசன்னு சொல்லல, பொதுமக்கள்ல யாரா இருந்தாலும் அஜெண்டால இருக்கிற விஷயம் பத்திப் பேச விடணும்னுதான் சொல்லுது. போர்டோட முடிவு, பாலிசி, செய்யாம விட்டது எதை வேணா குறை சொல்லலாம், அதுக்குத் தடை போட முடியாது. மாமியார் மொழிபெயர்ப்பாளரோட பேசினா மத்தவங்களுக்குக் குடுக்கிற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு குடுக்கணும், போர்டே உடனுக்குடன் மொழிபெயர்க்கிற கருவி வச்சிருந்தா மட்டும் இந்த ரெட்டிப்பு கிடையாது.

இப்ப பேர் விஷயத்துக்கு வருவோம், இதுலதான் நிறைய பேர் குழம்பிடுறாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம், முன்கூட்டியே பதிவு, அஜெண்டா தாண்டிப் பேசக்கூடாது, இந்த மாதிரி ரூல் எல்லாம் போர்டு போடலாம், மிரட்டினாலோ மீட்டிங்கை நடக்க விடாம கத்தினாலோ வெளியேத்தலாம். ஊழியரைப் பத்தின புகாரை மீட்டிங்ல பேசாம தனிப் புகார் வழியில கொண்டு வாங்கன்னு சொல்றதும் டெக்சாஸ்ல செல்லும், லிபர்ட்டி ஐஎஸ்டிங்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மேல போட்ட வழக்குல 2010-லயே ஐந்தாவது சர்க்கியூட் கோர்ட், அதாவது டெக்சாஸுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட், அதை ஒத்துக்கிச்சு. ஆனா அந்த ரூல் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். பேர் சொல்லிப் புகழ்றவரை விட்டுட்டு பேர் சொல்லிக் குறை சொல்றவரை மட்டும் நிறுத்தினா அது கருத்தைப் பாத்து தடுக்கிறது, பேச்சுரிமையைக் காக்கிற அரசியலமைப்போட முதல் திருத்தம் அதை அனுமதிக்காது. உங்க கேஸ்ல நான் பலமா நினைக்கிற பாயிண்ட் இதுதான்.

வேற மாநிலங்கள்ல போர்டுங்க இதுல தோத்திருக்காங்க. 2021-ல ஒஹாயோ வழக்கு ஒண்ணுல 'தனிநபரைத் தாக்குற', 'விரோதமான' பேச்சுன்னு சொல்லித் தடுத்த ரூலை ஆறாவது சர்க்கியூட் ரத்து பண்ணிச்சு. பென்சில்வேனியால பென்ஸ்பரி போர்டு இதே மாதிரி ரூலை வச்சுப் பெற்றோரைப் பேச விடாமப் பண்ணி, கோர்ட் தடை வாங்கி, கடைசில 3,00,000 டாலர் வக்கீல் செலவு குடுக்க வேண்டியதாச்சு, வழக்குப் போட்டவங்களுக்கு ஆளுக்கு 17.91 டாலர் அடையாள இழப்பீடு, முதல் திருத்தம் 1791-ல வந்துச்சில்ல, அதுக்காக. இந்தத் தீர்ப்புகள் டெக்சாஸை நேரடியா கட்டுப்படுத்தாது, இருந்தாலும் கடிதத்துல எழுதினா போர்டோட வக்கீல் கட்டாயம் கவனிப்பாரு.

அதனால முதல்ல அந்த மீட்டிங் வீடியோவை டவுன்லோட் பண்ணி வச்சிடுங்க, பாராட்டினவர் பேசின நிமிஷத்தையும் உங்களை நிறுத்தின நிமிஷத்தையும் குறிச்சுக்கோங்க. உங்க டிஸ்ட்ரிக்டோட 'பிஇடி லோக்கல்' பாலிசியை எடுத்துப் படிங்க, பொதுமக்கள் பேசுற ரூல் அதுலதான் இருக்கும், புகார் குடுக்கிற வழி 'எஃப்என்ஜி லோக்கல்'ல இருக்கும், அதுக்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீங்க. அடுத்த தடவை பேர் சொல்லாமலே பேசலாம், "இந்த ஸ்கூல்ல ஸ்பீச் தெரபி ஏன் நின்னுச்சு, எப்ப திரும்ப வரும்"னு கேட்டா அது ஊழியரைப் பத்தின புகார் ஆகாது, நிறுத்தக் காரணமும் கிடைக்காது. அது அஜெண்டால இருக்கான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க. மத்த குழந்தைங்க பேரைத் தொட வேண்டாம். அஜெண்டால இல்லாத விஷயத்துக்கு போர்டு அங்கயே விவாதிச்சு முடிவு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால அவங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தா உங்களை மதிக்கலன்னு நினைச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, உங்க பையனுக்காகவே சொல்றேன், தெரபி அவனோட ஐஇபில (அவனுக்குன்னு ஸ்கூல் எழுதிக் குடுக்கிற சிறப்புக் கல்வித் திட்டம்) எழுதியிருந்தும் நின்னிருந்தா மீட்டிங்குக்காகக் காத்திருக்காதீங்க. உடனே ஏஆர்டி மீட்டிங் (அந்தத் திட்டத்தைப் பெற்றோரும் ஸ்கூலும் உக்காந்து முடிவு பண்ற கூட்டம்) கேட்டு எழுத்துல குடுங்க, கூடவே டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சிக்கும் புகார் எழுதலாம், நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுக்கணும், அவங்க சாதாரணமா 60 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தெரபி நடக்காமப் போன தேதிகளை இன்னிக்கே மாமியாரோட உக்காந்து எழுதி வச்சுக்கோங்க.