பிஎஃப் செட்டில்மென்ட்: அப்பாவுக்கு வரி இல்லை, மகனுக்கு மட்டும் ஏன் பிடித்தார்கள்?

கேள்வி: ஐயா, நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவன். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் 27 வருடம் வேலை பார்த்து, 58 வயது முடிந்து, 2025 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றேன். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 36,000. மொத்தச் சம்பளம் 46,000. கிராஜுவிட்டி 5,60,769 ரூபாயும் லீவ் சம்பளம் (எடுக்காத லீவுக்கான பணம்) 1,80,000 ரூபாயும் கைக்கு வந்துவிட்டன. பிஎஃப் கணக்கில் 24 லட்சம் இருக்கிறது. பென்ஷன் மாதம் 4,000 வருகிறது. "பிஎஃப் வட்டிக்கு வரியே கிடையாது, அங்கேயே கிடக்கட்டும்" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதால் பிஎஃப் பணத்தை இன்னும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ, 24 லட்சத்தை எடுத்தால் 30 சதவீதம் வரியாகப் போய்விடும் என்கிறார். இதற்கிடையில் என் மகன், புதுச்சேரி சேதராப்பட்டில் 3 வருடம் 4 மாதம் பார்த்த வேலையை 2025 மே மாதம் விட்டான். வேலை இல்லாமல் இருந்தபோது பிஎஃப் பணத்தை எடுத்தான். 1,39,800 ரூபாயில் 13,980 ரூபாய் டிடிஎஸ் (வரிக்கான முன்பிடித்தம்) பிடித்துவிட்டார்கள். அங்கே அவன் அடிப்படைச் சம்பளம் 18,000. இப்போது ஒரகடத்தில் வேலை. போன வருடம் இரண்டு கம்பெனியிலும் சேர்த்து 4,80,000 சம்பளம். 80சி (சேமிப்புக்கான வரிக் கழிவு) என்று எதுவும் அவன் காட்டியதில்லை. எங்களில் யார் என்ன கட்ட வேண்டும், ரிட்டனில் எதைக் காட்ட வேண்டும்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தப்பு. கூட வேலை பார்த்தவர்கள் சொன்னது பாதி சரி. இரண்டில் அந்தப் பாதி சரிதான் ஆபத்து. அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் 24 லட்சம். பிஎஃப் பணத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதைத் தொகையை வைத்து முடிவு செய்வதில்லை. தொடர்ந்து 5 வருடம் பணி செய்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. 5 வருடம் தாண்டியிருந்தால், ஓய்வு பெறும் நாள்வரை சேர்ந்த உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, இரண்டின் வட்டி எல்லாவற்றுக்கும் வருமான வரிச் சட்டத்தின் 10(12) பிரிவில் விலக்கு உண்டு. ஒரு வருடத்தில் தொழிலாளியின் பங்கு மட்டுமே இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், அந்த மிகுதிப் பணத்தின் வட்டிக்கு 2021 ஏப்ரலிலிருந்து வரி வந்திருக்கிறது. உங்கள் பங்கு மாதம் 4,320 ரூபாய்தான், அதனால் அந்தக் கதை நமக்கு வேண்டாம். நீங்கள் பார்த்தது 27 வருடம். 24 லட்சத்தில் ஒரு ரூபாய் வரி கிடையாது.

கிராஜுவிட்டியும் அப்படித்தான். 36,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 27 வருடத்தால் பெருக்கினால் சரியாக 5,60,769 வருகிறது. சட்டப்படி கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். 20 லட்சம் வரை விலக்கு.

லீவ் சம்பளத்தில் மட்டும், கம்பெனி தரும் சம்பள-வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐ ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். தனியார் ஊழியருக்கு அதன் விலக்கு உச்சவரம்பு பல வருடம் 3 லட்சமாகவே கிடந்தது. 2023 ஏப்ரலிலிருந்து 25 லட்சம் ஆனது. ஆனால் என்னிடம் வந்த ஒருவருக்கு, அதற்குப் பிறகும் 4,60,000 ரூபாயில் பழைய 3 லட்சத்தை மட்டும் கழித்து, மீதிக்கு வரி பிடித்திருந்தார்கள். கணக்கு எழுதுபவர் கம்ப்யூட்டரில் பழைய எண்ணை மாற்றவில்லை, அவ்வளவுதான். ரிட்டனில் சரிசெய்து திரும்ப வாங்கினோம். உங்கள் 1,80,000 பழைய வரம்புக்குள்ளேயே இருப்பதால் சிக்கல் வராது. ஆனாலும் அது ஃபார்ம் 16-இல் விலக்காகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தப் பாதி சரிக்கு வருவோம்.

பிஎஃப் வட்டிக்கு வரி விலக்கு என்பது நீங்கள் ஊழியராக இருக்கும்வரைக்கும்தான். செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது அந்த விலக்கும் முடிந்தது. மறுநாள் முதல் அந்த 24 லட்சத்துக்குச் சேரும் வட்டி, வங்கி டெபாசிட் வட்டி மாதிரி 'பிற வருமானம்'. பாஸ்புக்கில் ஓய்வுக்கு முன், ஓய்வுக்குப் பின் என்று கோடு போட்டா காட்டுகிறார்கள்? அதனால்தான் இது யாருக்கும் தெரிவதில்லை. வட்டி அதே கணக்கில், அதே வரிசையில்தான் ஏறும். கோட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

உங்கள் நண்பர்கள் பெரும்பாலும் பிஎஃப்-ஐயும் தபால் நிலையத்தில் போடும் பிபிஎஃப்-ஐயும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிபிஎஃப் 15 வருடம் முடிந்து ஐந்தைந்து வருடமாக நீட்டித்தாலும் வட்டிக்கு வரி கிடையாது. அதற்கும் வேலையில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு எழுத்து வித்தியாசம், விதி வேறு.

சரி, எவ்வளவு வட்டி? 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீதத்தையே வைத்துக்கொண்டால், அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 99,000 ரூபாய். இதை 2025-26 நிதி ஆண்டின் வருமானத்தில் காட்ட வேண்டும். பாஸ்புக்கில் வட்டி ஏறத் தாமதமாகலாம். அதற்காக அந்த வருடத்துக்கு உரிய வட்டியை விட்டுவிடக் கூடாது.

பயப்படாதீர்கள், மொத்தக் கணக்கையும் பாருங்கள். ஆறு மாதச் சம்பளம் 2,76,000. ஆறு மாத பென்ஷன் 24,000. பென்ஷனும் வரிச் சட்டத்தில் சம்பளம்தான். இந்த 3 லட்சத்தில், புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு 75,000 போக 2,25,000. பிஎஃப் வட்டி 99,000 சேர்த்தால் 3,24,000. கிராஜுவிட்டியை வங்கியில் போட்டிருந்தால் அதன் வட்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். புதிய முறையில் 2025-26க்கு 4 லட்சம் வரை வரியே இல்லை. அதற்கு மேல் போனாலும், வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஆகவே அந்த 99,000 வரிக்கு உட்பட்டதுதான், ஆனால் உங்களுக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

பிறகு ஏன் காட்டச் சொல்கிறேன்? 24 லட்சத்தை எடுத்து நீங்கள் வீட்டு அலமாரியில் வைக்கப் போவதில்லை. ஒரு வருடத்தில் வங்கியிலோ தபால் நிலையத்திலோ 10 லட்சமும் அதற்கு மேலும் புதிதாக டெபாசிட் போட்டால், அந்தத் தகவல் வருமான வரித்துறைக்குத் தானாகப் போகும். "3 லட்சம் வருமானக்காரருக்கு 24 லட்சம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வரலாம். அன்றைக்கு ஃபார்ம் 16-ஐயும் பிஎஃப் பாஸ்புக்கையும் தேடி அலைவதைவிட, பணம் எடுத்த வருடத்து ரிட்டனிலேயே விலக்கு பெற்ற வருமானம் என்ற இடத்தில் அந்தத் தொகையை எழுதிவிடலாம். இதுவரை கைக்கு வந்த கிராஜுவிட்டியையும் லீவ் சம்பளத்தையும் இந்த வருட ரிட்டனில் காட்டுங்கள். ஐடிஆர்-1 என்ற ரிட்டன் படிவம் போதும், ஜூலை 31-க்குள் போட்டுவிடுங்கள். வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ரிட்டன் போடுவது உங்களுக்குக் கட்டாயமில்லைதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடுவேன்.

பிஎஃப் பணத்தை அங்கேயே விடலாமா என்பது தனிக் கேள்வி. விடுவது குற்றமில்லை. ஆனால் 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர் 36 மாதத்துக்குள் பணத்தைக் கேட்காவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். அதன் பிறகு வட்டியே கிடையாது. அதுவரை கிடைக்கும் வட்டிக்கும் விலக்கு இல்லை எனும்போது, அங்கே வைத்திருப்பதில் என்ன லாபம்? பிஎஃப் பணத்தைக் கேட்கும் படிவம் 19 போட்டு எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

எடுத்த பணத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும். 60 ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம். 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவர், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போட்டால் 60-க்கு முன்பே சேரலாம். கம்பெனியிடமிருந்து ஓய்வு பெற்றதற்கும் பணம் கிடைத்ததற்கும் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் விகிதம் 5 வருடத்துக்கு மாறாது. அன்றைய விகிதத்தை தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 8.2 என்றால் 24 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 49,200 ரூபாய் வரும். 4,000 ரூபாய் பென்ஷனை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, இது கை கொடுக்கும். இந்த வட்டிக்கும் வரி உண்டு. வேறு பெரிய வருமானம் இல்லாதவரை உங்களுக்குக் கட்ட எதுவும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மகன். 3 வருடம் 4 மாதம், 5 வருடம் ஆகவில்லை. அதனால்தான் பிடித்தார்கள். 5 வருடத்துக்குள் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பது விதி. உடல்நலக் குறைவாலோ, கம்பெனி மூடப்பட்டதாலோ வேலை போயிருந்தால் 5 வருட நிபந்தனை கிடையாது. மில்கள் மூடியதைப் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கும். உங்கள் மகன் தானாக விட்டிருக்கிறான்.

ஆனால் டிடிஎஸ் வேறு, வரி வேறு. முழுத் தொகைக்கும் 10 சதவீதம் பிடித்தார்களே தவிர, முழுத் தொகையும் வருமானம் ஆகிவிடாது. பாஸ்புக்கைப் பிரித்துப் பார்ப்போம். 18,000-இல் 12 சதவீதம் 2,160. 40 மாதத்துக்கு அவன் போட்டது 86,400. கைக்கு வந்த மொத்தத்தைப் பார்த்தால், கம்பெனி போட்ட 2,160-இல் 1,250 பென்ஷன் நிதிக்குப் போய், 910 மட்டுமே பிஎஃப் கணக்கில் விழுந்ததாகத் தெரிகிறது. 40 மாதத்துக்கு அது 36,400. மீதி 17,000 வட்டி. அதில் அவன் பணத்துக்கு ஏறிய வட்டி ஏறத்தாழ 12,000, கம்பெனி பணத்துக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளலாம். சரியான எண் பாஸ்புக்கில் இருக்கும்.

அவன் போட்ட 86,400 அவனுடைய சொந்தச் சம்பளப் பணம், ஏற்கெனவே வருமானமாகக் கணக்கில் வந்தது. 80சி-யில் கழித்திருந்தால்தான் அந்தக் கழிவைத் திருப்பிக் கணக்கிடுவார்கள். அவன் கழிக்கவில்லை, தப்பித்தான். கம்பெனி பங்கும் அதன் வட்டியும் சேர்ந்த 41,400 சம்பளத் தலைப்பில் வரும். அவன் பங்கின் வட்டி 12,000 பிற வருமானம். ஆக, 1,39,800-இல் வரிக்கு உட்பட்டது 53,400 மட்டும்.

சம்பளம் 4,80,000-இல் 75,000 போக 4,05,000. அதோடு 53,400 சேர்ந்தால் 4,58,400. 12 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். பிடித்த 13,980 ரூபாயும் ரீஃபண்டாக வரும். ஆனால் ரிட்டன் போட்டால்தான் வரும். அவன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பிஎஃப் டிடிஎஸ் பதிவாகியிருக்கிறதா, பான்-ஆதார் இணைந்திருக்கிறதா, ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனியின் ஃபார்ம் 16-உம் வேண்டும். துறையின் பதிவில் 1,39,800 என்று முழுத் தொகை தெரியும், ரிட்டனில் நாம் 53,400 காட்டுவோம். ஏன் என்று கேட்டால் பாஸ்புக் பதில் சொல்லும், பத்திரமாக இருக்கட்டும். பணம் எடுக்கும்போதே, 'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று எழுதித்தரும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

அவன் செய்த தவறு எடுத்ததுதான். ஒரகடம் கம்பெனியின் கணக்குக்கு மாற்றியிருந்தால் பழைய 3 வருடம் 4 மாதமும் பணிக்காலத்தில் சேர்ந்திருக்கும். இன்னும் ஒரு வருடம் 8 மாதம் தாண்டினால் 5 வருடம் ஆகியிருக்கும். இப்போது ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் 1,25,820 ரூபாய் கைக்கு வந்தது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பென்ஷன் நிதியில் இருப்பதையும் எடுத்துவிட்டானா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் தொட வேண்டாம். மாத பென்ஷனுக்கு 10 வருடப் பணி வேண்டும், அந்த 3 வருடமும் அதில் சேரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் பிரிவு எண்கள் வேறு. நான் மேலே சொன்ன எண்கள் 2025-26க்கான ரிட்டனுக்குப் பொருந்தும். நீங்கள் பிஎஃப் பணத்தை இப்போது எடுத்தால் அது அடுத்த வருட ரிட்டனில்தான் வரும். அப்போது 10(12) என்ற எண்ணைத் தேடாதீர்கள்.