அம்மா எதில் கையெழுத்துப் போட்டார்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய அரை கிரவுண்ட் வீடு. உயில் எழுதாமல் 4 வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். இருப்பது அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட அண்ணன்கள் ஒரு பில்டரிடம் பேசியிருக்கிறார்கள். 5 லட்சம் தருகிறோம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். கல்யாணத்துக்கு 30 சவரன் போட்டோமே, வரியும் கரண்ட் பில்லும் நாங்கள்தானே கட்டுகிறோம் என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்த மறுவாரமே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மீஞ்சூர்

பதில்: சகோதரி, உறவு நிற்குமா போகுமா என்ற கேள்வி ராயபுரத்திலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. கண் ஆபரேஷன் முடிந்த மறுவாரம் அம்மா கையெழுத்துப் போட்டார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் பயத்துக்குப் போய்விட்டீர்கள்.

எதில் கையெழுத்துப் போட்டார்? விடுதலைப் பத்திரமா, தானமாக எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்டா, தன் சார்பில் செயல்பட பில்டருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரமா? கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவரால் அதைப் படிக்க முடிந்ததா? யாராவது படித்துக் காட்டினார்களா? நீங்கள் கேட்கவில்லை. அம்மாவின் கையெழுத்தை முடிந்துபோன காரியமாக வைத்துவிட்டு, உங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று மட்டும் யோசித்திருக்கிறீர்கள். அண்ணன்கள் அம்மாவை எப்படிப் பார்த்தார்களோ, நீங்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சிக்கல் ஒன்றுமில்லை. உங்கள் குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமமாக நாலில் ஒரு பங்கு. 30 சவரன் அதில் கழியாது. வரி ரசீதும் கரண்ட் பில்லும் யார் பெயரில் வந்தாலும், பட்டாவையே மாற்றியிருந்தாலும், உங்கள் பங்கு அதனால் அழியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை உண்டா என்ற வாதத்தை யாராவது கிளப்பினால் அதற்கும் 1989-ஆம் ஆண்டு தமிழகச் சட்டத்திருத்தம், 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திருத்தம், 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. அப்பா வாங்கிய வீட்டுக்கு அந்த வாதமே தேவையில்லை.

அவசரத்துக்குக் காரணம் கேட்கிறீர்களா? 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு உங்கள் பக்கம் பில்டர்களின் பார்வை எப்படி மாறியது என்பது உங்களுக்கே தெரியும். எந்த பில்டரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயருக்கும் கையெழுத்துக் கேட்பார். பாசத்தோடு வந்து கேட்கிறார்கள் என்றால், உங்கள் கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது என்றுதான் அர்த்தம்.

இப்போது அம்மாவுக்கு வாருங்கள். அவர் தன் பங்கை மகன்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், நாளை எழும்பப்போகும் ஃபிளாட்டில் அவர் பெயரில் ஒரு அறைகூட இருக்காது. மருமகள்கள் நல்லவர்களாக இருக்கலாம். இருந்தாலும், கணவன் சம்பாதித்த வீட்டில் ஒரு பெண் கடைசிக் காலத்தில் யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது. அம்மா இருக்கும்வரை அவர் பங்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பெற்ற பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்குவதே தப்பு.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பாருங்கள். அம்மா கொடுத்த பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் ஆவண எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, அண்ணன்கள் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். இது தெரிந்துதான் போட்டேன், எனக்குச் சம்மதம் என்று அவர் சொன்னால், அது அவர் உரிமை, விட்டுவிடுங்கள். தெரியாமல் போட்டேன் என்றால், பத்திரத்தை ரத்து செய்யக் கோரி அம்மா சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். விஷயம் தெரியவந்ததிலிருந்து 3 வருடம்தான் கெடு, தள்ளிப் போடாதீர்கள். அம்மா 60 வயது தாண்டியவர் என்றால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அப்புறம் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், கோட்டாட்சியர் முன்னால் மனுப் போட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

அதே 2007 சட்டம் அம்மாவைப் பராமரிக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. பங்கு மட்டும் சமம், அம்மா மட்டும் அண்ணன்கள் பொறுப்பு என்று நீங்கள் நினைத்தால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீஞ்சூரிலிருந்து தண்டையார்பேட்டை ஒன்றும் தூரமில்லை.

உங்கள் பங்கை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்று மனசு சொன்னால், அதை அம்மா பெயருக்கு எழுதுங்கள். இல்லை, நாலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது என்றால் பில்டரின் ஒப்பந்தத்தில் அம்மாவுக்கும் உங்களுக்கும் தனித்தனியாக எத்தனை சதுர அடி என்று எழுதச் சொல்லுங்கள். அண்ணன்கள் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. எதுவானாலும் அம்மாவின் பத்திர நகலைப் படித்து முடிக்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸாக வாங்காதீர்கள்.