கேமிங் ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நம்பரைப் பாருங்க

கேள்வி: பையன் மைன்கிராஃப்ட் சர்வர் வைக்கணும்னான். கடைக்காரர் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில இருந்து வர்றவங்களை வீட்டு பிசிக்கு அனுப்பி விடுறது) சூப்பரா வரும்னு 12,500 ரூபாய்க்கு கேமிங் ரவுட்டர் தலையில கட்டிட்டார். 25565 போர்ட் திறந்தாச்சு. வீட்டுக்குள்ள ஆட முடியுது, வெளியில இருக்குற ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் கனெக்ட் ஆகல. டூப்ளிகேட்டா சார்? - மதுரை

பதில்: ரவுட்டர் நல்லாத்தான் இருக்கும், லைன்தான் சந்தேகம். ரவுட்டர் பேஜுக்குள்ள போய் (192.168.0.1 இல்லன்னா 192.168.1.1) இன்டர்நெட் ஸ்டேட்டஸ்ல என்ன ஐபி (நெட்ல உங்க அட்ரஸ் நம்பர்) காட்டுதுன்னு பாருங்க, அப்புறம் ஐபி காட்டுற வெப்சைட் ஏதாவது ஒண்ணுல பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பிரச்சனை உங்க செட்டிங்ல. ரவுட்டர்ல 100.64-லேர்ந்து 100.127 வரைக்கும் ஏதோ ஒண்ணுல ஆரம்பிச்சா அது சிஜிநாட், அதாவது உங்களுக்கு மட்டும்னு இல்லாத பங்கு அட்ரஸ். உலகத்துல இருக்குற பழைய வகை (ஐபிவி4) அட்ரஸே மொத்தம் 430 கோடிக்குள்ளதான், அதனால நெட் கம்பெனி ஒரே அட்ரஸை பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குது. நீங்க வீட்டுக் கதவைத் திறந்து வச்சு என்ன, தெருமுனை கேட்டு சாவி அவங்க கையில. 192.168-னு காட்டினா அவங்க குடுத்த ஃபைபர் பாக்ஸே இன்னொரு ரவுட்டரா ஓடுது, அதை பிரிட்ஜ் மோடுல (ரவுட்டர் வேலை பாக்காம லைனை மட்டும் கடத்துற செட்டிங்) போடச் சொல்லுங்க.

இத சொல்லாம எட்டு ஆண்டெனாவைக் காட்டி விக்கிறாங்களே, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஆண்டெனா வீட்டுக்குள்ள வைஃபைக்கு, வெளியில இருந்து வர்றவனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சர்வர் ஓடுற பிசியை எப்படியும் கேபிள்லதான் மாட்டணும். நானும் இதே மாதிரி செவப்பு லைட் எரியுற ஒண்ணை வாங்கி மூணு நாள் ராத்திரி கண்ணு முழிச்சு நோண்டியிருக்கேன், இப்ப அதோட ஆண்டெனால என் பொண்ணு ஹேர் பேண்ட் மாட்டி வைக்கிறா.

கடைக்காரர் வாயால சொன்னதை வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கியிருக்கீங்களா? இருந்தா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. இல்லன்னாலும் பையனை ஏமாத்த வேண்டாம், டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு ஆப்பை (தூரத்துல இருக்குற பிசிங்களை ஒரே வீட்டு நெட்வொர்க் மாதிரி இணைக்கும்) எல்லார் பிசிலயும் போட்டா போர்ட்டே திறக்காம ஆடலாம், ஃப்ரெண்ட்ஸோட ஆட ஃப்ரீயே போதும்.

கேள்வி: போர்ட் ஃபார்வர்ட் ரெண்டு நாள் வேலை செஞ்சுது, அப்புறம் நின்னுடுச்சு. - ஓசூர்

பதில்: பிசியோட ஐபி மாறியிருக்கும். ரவுட்டர்ல அந்த பிசிக்கு எப்பவும் அதே ஐபி வர்ற மாதிரி ரிசர்வ் பண்ணுங்க.

கேள்வி: டிஎம்இசட் ஆன் பண்ணா எல்லாம் சரியாகிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. பண்ணட்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு போர்ட்டுக்காக பிசியோட எல்லா போர்ட்டையும் ஊருக்குத் திறந்து விடுவீங்களா?

கேள்வி: ஸ்டாடிக் ஐபின்னு (மாறாத ஐபி) ஒரு வருஷமா மாசாமாசம் 200 ரூபா லோக்கல் கேபிள்காரர் வாங்குறார். ரவுட்டர்ல 100.72-னுதான் காட்டுது. - தஞ்சாவூர்

பதில்: அது மேல சொன்ன சிஜிநாட்தான், வெளியில இருந்து நேரா வர்ற ஸ்டாடிக் பப்ளிக் ஐபி இல்லைங்க, பாவம், 2,400 ரூபா போயிருக்கு. ரவுட்டர் பேஜை தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, பில்லையும் ஜிபேல பணம் போட்டதையும் சேத்து வைங்க, முதல்ல அவருக்கு எழுத்துல கேளுங்க. மழுப்பினா 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: 300 எம்பி பிளான், ஆனா என் சர்வருக்கு வர்றவங்களுக்கெல்லாம் லேக். ரவுட்டர் மாத்தணுமா?

பதில்: அப்லோடு எவ்வளவுன்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. டவுன்லோடு 300 இருந்து அப்லோடு 10-னா மத்தவங்களுக்குப் போறது அந்த 10-லதான். ஸ்பீடு டெஸ்ட்ல ரெண்டாவது நம்பர், அதைப் பாத்துட்டு எழுதுங்க.